தடுப்புச் சுகாதாரப் பணிக்கு நிதியுதவி பெறுதல்: யாழ்ப்பாணத்துக் கிராமச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

சீனி வருத்தமும் (நீரிழிவு) பிரஷரும் (உயர் குருதி அமுக்கம்) தமக்கு இருப்பதை அறியாமலே பல ஆண்டுகள் தோட்டத்திலும் கடலிலும் உழைத்து, கண்ணோ காலோ சிறுநீரகமோ பழுதான பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். இதை முன்கூட்டியே கண்டறிய ஒரு சிறு பரிசோதனைத் திட்டம் போதும். அதற்கு வேண்டிய பணத்தைக் கொடுக்க வெளிநாடுகளில் வாழும் நம்மவரின் ஊர்ச் சங்கங்களும் தூதரகங்களும் சேவைக் கழகங்களும் முன்வருகின்றன. ஆனால் அந்தப் பணம் ஒரு கிராமச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்து, முறையாகச் செலவாகி, கணக்குக் காட்டி முடியும் வரை எத்தனை கடிதங்கள், எத்தனை காத்திருப்புகள் உள்ளன என்பதை யாரும் முன்னதாகச் சொல்லித் தருவதில்லை. வலிகாமம் மேற்கில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருந்து இந்த வேலையை முழுவதும் இழுபட்டுச் செய்து முடித்தவள் என்ற முறையில், உங்களுக்கு அந்த அலைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. படிவத்தைத் தேடும் முன் சுகாதாரப் பணிமனைக்குப் போங்கள்

நிதியுதவி என்றதும் விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதே எல்லோரும் முதலில் செய்வது. படிவத்தைப் பிறகு பார்க்கலாம். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முதலில் போய், உங்கள் ஊரில் எந்தப் பணி தேவை, எது ஏற்கெனவே நடக்கிறது, நீங்கள் கண்டுபிடிக்கும் நோயாளரை எந்தக் கிளினிக் ஏற்றுக்கொள்ளும் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்காமல் ஒரு ரூபாவுக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். ஒருவருக்குச் சீனி கூட இருக்கிறது என்று சொல்லி விட்டுவிடுவதால் அவருக்குப் பயமும் கவலையும்தான் மிஞ்சும். மருந்தும் ஆலோசனையும் தொடர்ந்து கிடைத்தால்தான் அந்தப் பரிசோதனை தடுப்புப் பணி ஆகும்.

இலங்கையில் 2011 முதல் சுகாதார அமைச்சு நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குருதி அமுக்கம், குருதிச் சீனி, உடற்பருமன் ஆகியவை இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. ஆகவே, ‘அந்த வசதி எங்கள் ஊரில் இல்லை’ என்று விண்ணப்பத்தில் எழுதுவது பெரும்பாலும் உண்மையாகாது. வசதி இருந்தும் ஏன் மக்கள் போவதில்லை என்பதைத்தான் எழுத வேண்டும். கூலி வேலை செய்பவருக்குக் கிளினிக் நாள் ஒரு நாட் சம்பளத்தின் இழப்பு. இரவுத் தொழிலுக்குப் போகும் மீனவர் காலையில் கரைக்கு வந்து மீனை விற்று வலையைத் தட்டி முடிக்கும்போது கிளினிக் மூடிவிடும். நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகாட்டுவான் படகு ஓட வேண்டும், காற்று நாட்களில் அதுவும் ஓடாது. இவற்றுள் உங்கள் ஊருக்குப் பொருந்துவது எதுவோ அதைத் தீர்ப்பதே உங்கள் திட்டம்.

வேறு பணிதான் அவசரம் என்று வைத்திய அதிகாரி சொன்னால் அதற்கும் மனதைத் திறந்து வைத்திருங்கள். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியபோது வயலில் இறங்குபவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பதும் விளக்குவதும் முதல் வேலையாயிற்று. ஐப்பசி மழை தொடங்கியதும் டெங்கு வந்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் இட வேண்டியிருக்கும். சுண்ணாம்புக்கல் நிலமான நமது குடாநாட்டில் மலக்குழிக் கழிவும் தோட்டத்து உரமும் நிலத்தடி நீரில் இலகுவாகக் கலந்துவிடுவதால், சில ஊர்களுக்குக் குடிநீர்ப் பரிசோதனையே முதல் தேவையாக இருக்கலாம்.

பணிமனைக்கு எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் கிழமையின் பெரும் பகுதியை வெளிக்கள வேலையில் செலவிடுகிறார்கள். அவர்கள் பணிமனையில் இருக்கும் நாளைக் கேட்டறிந்து போங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு வீட்டுக்கு வீடு தெரியும். அவரது ஆதரவு இல்லாமல் எந்தப் பரிசோதனை முகாமும் நிறையாது.

2. சங்கத்தின் ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

எந்த நிதி வழங்குநரிடம் போனாலும் பின்வருவன கேட்கப்படும்:

- பதிவுச் சான்றிதழ்
- யாப்பு (சங்கத்தின் விதிகள்)
- நடப்பு நிர்வாக சபையின் பெயர், பதவி, அடையாள அட்டை விபரம்
- கடைசிப் பொதுக்கூட்டத்தின் அறிக்கை
- கடைசி ஆண்டின் கணக்காய்வு அறிக்கை
- வங்கிக் கணக்குப் புத்தகத்தின் பிரதி
- இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்ற நிர்வாக சபைத் தீர்மானம்

பதிவு எங்கே இருக்கிறது என்பதில் பலர் குழம்புகிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்திலும், சனசமூக நிலையம் உள்ளூராட்சித் திணைக்களத்திலும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் போன்றவை கூட்டுறவுத் திணைக்களத்திலும் பதிவாகியிருக்கும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழான பதிவு வேறு. வெளிநாட்டு வழங்குநர் சிலர் இந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். உங்களிடம் அது இல்லையென்றால் புதிதாகப் பதிய ஓடுவதைவிட, அப்பதிவு உள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிப்பது விரைவானது. அப்படிச் சேரும்போது பணம் யாருடைய கணக்குக்கு வரும், பொருள் யாருக்குச் சொந்தம், நிர்வாகச் செலவாக எவ்வளவு கழிப்பார்கள் என்பவற்றை முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இங்கே மிகவும் கவனமாக இருங்கள்: பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அந்த ஓரெழுத்து வித்தியாசத்தால் நடுவில் நின்றுவிடும். எங்கள் பணமும் அப்படித்தான் நின்றது. திருத்தி எடுக்க மாதக்கணக்காயிற்று. நீண்ட காலம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் வங்கிக்குப் போய் ஒரு சிறு தொகையை வைப்பிலிட்டுக் கணக்கின் நிலையை உறுதிப்படுத்துங்கள். கையெழுத்திடும் உரிமை உள்ளவர்களில் யாராவது வெளிநாடு போயிருந்தால் தீர்மானம் நிறைவேற்றி இப்போதே மாற்றுங்கள்.

3. யாரிடம், எந்த மாதத்தில் கேட்பது

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் முதல் முயற்சிக்கு ஏற்றவை. தொகை சிறிது, படிவம் எளிது, பேச்சும் தமிழில் நடக்கும். ஆனால் லண்டனில் அறக்கொடை நிறுவனமாகப் பதிவான சங்கம், பணம் அறப்பணிக்கே செலவானது என்பதைத் தன் நாட்டு அதிகாரிகளுக்குக் காட்டக் கடமைப்பட்டது. அவர்கள் பற்றுச்சீட்டுக் கேட்டால் நம்மை நம்பவில்லை என்று நினைத்து மனம் நோக வேண்டாம்.

ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்தில் நோய்த் தடுப்பு ஒரு தனித் துறையாக உள்ளது. ஆனால் திட்டத்தின் மொத்தத் தொகை குறைந்தது 30,000 அமெரிக்க டொலராக இருக்க வேண்டும். இங்குள்ள ஒரு கழகமும் வெளிநாட்டுக் கழகம் ஒன்றும் சேர்ந்தே விண்ணப்பிக்க முடியும். ஒரு கிராமச் சங்கம் நேரடியாகக் கேட்க முடியாது, உள்ளூர்க் கழகத்தின் வழியாகவே போக வேண்டும். ஒரு கிராமத்துக்கு இது பெரிய தொகை என்பதால் ஒரு பிரதேச செயலர் பிரிவுக்குள் பல சங்கங்கள் சேர்ந்தால்தான் பொருந்தும். கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம் கட்டடம், உபகரணம் போன்ற நிலையான பொருள்களுக்கு உரியது. சம்பளமும் நாளாந்தச் செலவும் அதில் அடங்காது. அவுஸ்திரேலிய உயர் ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் சமூக அமைப்புகளின் சிறு திட்டங்களுக்கு உதவுகிறது.

ஒவ்வொருவரின் ஆண்டும் வேறு மாதத்தில் தொடங்குகிறது. ரோட்டரிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் ஜூலை, ஜப்பானுக்கு ஏப்ரல், நமது அரச அலுவலகங்களுக்கு ஜனவரி. டிசம்பர் நடுப்பகுதியில் கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலோ ஒரு கடிதத்துக்காக நின்றால், ஆண்டிறுதி வேலைகளுக்கிடையில் அது தைப்பொங்கலுக்குப் பிறகுதான் கைக்கு வரும். கடிதங்களை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே எடுத்து வைப்பது நல்லது.

நூற்றுக்கு இவ்வளவு தந்தால் விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று வருபவர்களிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் எழுதும் விண்ணப்பத்தில் உங்கள் ஊர் இருக்காது. அந்தக் கட்டணத்தை எந்த வழங்குநரின் கணக்கிலும் காட்டவும் முடியாது.

4. தேவையை எழுதுதல்

இரண்டு பக்கம் போதும். உங்கள் கிராம அலுவலர் பிரிவில் எத்தனை குடும்பங்கள், அவற்றுள் எத்தனை அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி பெறுகின்றன, 35 வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர், கடந்த ஆண்டில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்குப் போனோர் எத்தனை பேர் ஆகிய எண்களைக் கிராம அலுவலரிடமிருந்தும் சுகாதாரப் பணிமனையிலிருந்தும் பெற்று, யார் எந்தத் திகதியில் தந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். இணையத்தில் எடுத்த நாடளாவிய எண்களால் பக்கத்தை நிரப்ப வேண்டாம். படிப்பவருக்கு உங்கள் ஊரின் எண்தான் வேண்டும்.

குறிக்கோளை முகாமுக்கு வருவோரின் எண்ணிக்கையாக எழுதாமல், கிளினிக்கில் பதிவாகி ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்து போவோரின் எண்ணிக்கையாக எழுதுங்கள். எண் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் சுகாதாரத் துறையை அறிந்த வழங்குநர் அந்த எண்ணைத்தான் தேடுவார்.

5. வரவு செலவுத் திட்டம்

விண்ணப்பத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 400 பேரை அழைத்து 300 பேர் வருவார்கள் என்றால், வீணாவதற்கும் மறுபடி பார்ப்பதற்கும் பத்து வீதம் கூட்டி 330 சீனிப் பரிசோதனைப் பட்டிகள் தேவை. அவை 50 கொண்ட போத்தலில் வருவதானால் ஏழு போத்தல் வாங்க வேண்டும். அதே அளவு குத்தூசிகள், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சட் பெட்டிகள், கையுறை, மதுசாரத் துணுக்கு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ஊசிக் கழிவை எந்த வைத்தியசாலை பொறுப்பேற்று எரிக்கும் என்பதையும் எழுதுங்கள். இதை விட்டுவிட்ட விண்ணப்பத்தைச் சுகாதாரப் பணிமனையே திருப்பி அனுப்பும்.

பட்டிகளை எல்லாம் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். பல வகைகளுக்குப் போத்தலைத் திறந்தபின் மூன்று மாதமே ஆயுள். காலாவதித் திகதி அதற்கு முன் வந்தால் அதுவே கடைசி. 30 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் வைக்கும்படி பெட்டியில் எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் ஓட்டோவின் பின் சீற்றில் மத்தியானம் வரை கிடந்த போத்தலை நம்பி ஒருவருக்குச் சீனி இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. குளிர்ப் பெட்டி ஒன்றின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐஸ் போத்தலில் நேராகப் படாதபடி துணியில் சுற்றி வையுங்கள். குருதி அமுக்கக் கருவிக்குப் பெரிய கைப்பட்டி ஒன்றும் வாங்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் அமுக்கம் உள்ளதைவிடக் கூடக் காட்டும்.

பெரும்பாலானோர் மறந்துவிடும் செலவு, பரிந்துரைக்கப்பட்டவர் முதல் முறை கிளினிக் போய்வரும் பஸ் காசு. சங்கானையிலிருந்து தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலைக்கு ஒருவரைப் போகச் சொல்லிவிட்டு, அந்தக் காசும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் விட்டால் வயதானவர்கள் போகமாட்டார்கள். வீட்டுக்குப் போய் நினைவூட்டும் இரண்டு தொண்டர்களுக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவையும் ஆறு மாதத்துக்கு எழுதுங்கள். முழு வரவு செலவில் மிகப் பயனுள்ள செலவு இதுவே என்பது என் உறுதியான எண்ணம். யாராவது தொகையைக் குறைக்கச் சொன்னால் பதாகையையும் தொப்பியையும் ரீ சேட்டையும் வெட்டுங்கள், இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

விலைமனுக்கள் மூன்று வேண்டும். மூன்றிலும் திகதி, கடை முத்திரை, பெறுமதி சேர் வரி உள்ளடங்கியதா என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அந்த வரி 18 வீதம் என்பதால், சேர்க்காத விலையை எழுதினால் பெரிய துண்டு விழும். திட்டத்தை ரூபாவில் எழுதி, எந்த நாளின் நாணய மாற்று வீதம் என்பதைக் கீழே குறிப்பிடுங்கள். 2022 இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது இறக்குமதிப் பொருள்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். விலை ஏறினால் என்ன செய்வது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள்.

6. கடிதங்களும் ஒப்பந்தமும்

கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலரின் பரிந்துரை, சுகாதார வைத்திய அதிகாரியின் கடிதம் என்ற வரிசையில் எடுங்கள். பெரிய திட்டமானால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையையும் இரண்டு பிரதியாகக் கொடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கடிதம் எங்கே போனது என்று கேட்கும் நிலை வந்தால் அந்தப் பிரதிதான் உங்களைக் காப்பாற்றும். வைத்திய அதிகாரியின் கடிதத்தில் கிளினிக்கின் பெயரும் நாளும் இருக்க வேண்டும். ‘பூரண ஒத்துழைப்பு வழங்கப்படும்’ என்ற பொது வாக்கியம் மட்டும் போதாது.

ஒப்பந்தத்தில் தவணைகளைப் பாருங்கள். கடைசித் தவணையை இறுதி அறிக்கைக்குப் பின்புதான் தருவார்கள். அதுவரை அந்தச் செலவைச் சங்கம் எங்கிருந்து தாங்கும் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். செயலாளரும் பொருளாளரும் நகை அடைவு வைத்துக் கொடுக்கும் நிலை வரக் கூடாது. வங்கிக் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்பதாகவும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடையிலுள்ள வங்கிகள் கழித்த தொகைக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

7. பரிசோதனை நாள்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், தேர்தல் காலத்திலும், வெங்காய அறுவடைக் கிழமையிலும் வைக்க வேண்டாம். கத்தோலிக்க மீனவ ஊர்களில் பங்குத்தந்தையிடம் நாளைக் கேளுங்கள். பதாகையில் எந்த அரசியல்வாதியின் படமும் வேண்டாம்.

வெறும் வயிற்றுச் சீனிக்கு எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுத்திருக்கக் கூடாது. ‘சாப்பிட்டீர்களா’ என்று மட்டும் கேட்டால் நம் ஊரில் உண்மை வராது. “ஒண்டும் சாப்பிடேல்லைப் பிள்ளை, தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சனான்” என்பதே வழக்கமான பதில். அந்தத் தேத்தண்ணிக்குள் இரண்டு கரண்டி சீனி இருக்கும். விடிய எழும்பியதிலிருந்து வாயில் வைத்த ஒவ்வொன்றையும், வெற்றிலை உட்பட, பெயர் சொல்லிக் கேளுங்கள். குருதி அமுக்கம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து இருக்கவிட்டு, இரண்டு முறை பாருங்கள். குருதி எடுப்பதைத் தாதியரோ பயிற்சி பெற்ற சுகாதார ஊழியரோ மட்டுமே செய்ய வேண்டும். வயிறு வெறுமையாக வந்தவர்களுக்கு இலைக்கஞ்சியும் அவித்த கடலையும் கொடுங்கள், பணிஸும் சோடாவும் வேண்டாம்.

வெறும் வயிற்றுச் சீனி 126 mg/dL அல்லது அதற்கு மேல், குருதி அமுக்கம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் பரிந்துரைச் சீட்டு எழுதப்பட வேண்டும். ஒரு பரிசோதனையால் நோய் உறுதியாவதில்லை, கிளினிக்கில் மறுபடி பார்ப்பார்கள் என்பதை ஒவ்வொருவருக்கும் தனியாக, மற்றவர் காதில் விழாமல் சொல்லுங்கள். சீட்டில் கிளினிக்கின் பெயர், கிழமை, நேரம் மூன்றும் இருக்கட்டும். சீட்டின் அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும்.

8. மக்களின் தகவல்

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வகுத்துள்ளது. வழங்குநருக்கு எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள். பெயர்ப் பட்டியலைக் கைபேசியில் படம் பிடித்து வைபர் குழுவில் போடுவதை முற்றாகத் தடுத்துவிடுங்கள். ஒரு பெண்ணின் வருத்தம் ஊருக்குத் தெரிந்தால் கலியாணப் பேச்சே குழம்பும் என்பது நீங்கள் அறியாததல்ல. படம் எடுக்க எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள், விரும்பாதவரை விட்டுவிடுங்கள்.

9. கணக்கும் அறிக்கையும்

பெரிய செலவுகளைக் காசோலையால் மட்டும் கொடுங்கள். ஓட்டோக்காரருக்கும் சமையல் செய்தவருக்கும் பற்றுச்சீட்டு இருக்காது; சங்கத்தின் வவுச்சரில் வேலை, திகதி, தொகை, வாகன இலக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் கணக்காய்வில் ஏற்பார்கள். பஸ் காசு வாங்கியவர்களின் பட்டியலிலும் ஒவ்வொருவரின் கையெழுத்து வேண்டும், கைநாட்டு என்றால் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். மருந்துக் கடையின் இயந்திரத்தில் அச்சாகும் பில்களின் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும். வாங்கிய அன்றே பிரதி எடுத்து அசலோடு சேர்த்து ஒட்டுங்கள்.

இறுதி அறிக்கையில், பரிந்துரைக்கப்பட்டவர்களுள் கிளினிக் போகாதவர்களின் எண்ணிக்கையையும் காரணங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். எங்கள் அறிக்கையில் அந்தப் பத்தியைப் படித்த பின்புதான் வழங்குநர் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கருவிகளைச் சங்கத்தின் பொருட்பதிவேட்டில் தொடரிலக்கத்தோடு பதியுங்கள். சுகாதாரப் பணிமனைக்குக் கையளிப்பதானால் பெற்றுக்கொண்ட கடிதம் வாங்கிக் கோப்பில் சேருங்கள். ஆறாம் மாதத்தில் அடிக்கட்டைகளை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதப்பட்ட திகதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திகதிகள் கையில் வந்த பிறகு அடுத்த விண்ணப்பத்தைத் தொடங்கலாம்.